குணமாகிவிட்டதாம்

திரைச்சீலைக் கடையின் பின்னறையில், வெட்டு மேசை முன்னால் நின்றுகொண்டு அவள் கத்தரிக்கோலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எடுப்பதில் கஷ்டமில்லை, கழற்றுவதில்தான். காலையில் வளையத்துக்குள் எப்படியோ நுழைந்த கட்டைவிரல், நாலைந்து ஜன்னலுக்குத் துணி வெட்டி முடிப்பதற்குள் வீங்கி உள்ளேயே மாட்டிக்கொண்டுவிட்டது. கடைக்கார அம்மாதான் சோப்புத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு வைத்துக் கழற்றிவிட்டாள். "இன்னைக்கு டாக்டரைப் பார்க்கணும்னு சொன்னியே, எத்தனை மணிக்கு?" என்று அந்த அம்மா கேட்டதால்தான் அவள் மூட்டு டாக்டரின் கிளினிக்குக்குப் போன் போட்டாள். இல்லாவிட்டால் வீட்டு வண்டவாளம் தண்டவாளம் ஏற இன்னும் கொஞ்ச நாள் ஆகியிருக்கும்.

"உங்க வீட்டுக்காரர் போன வாரமே கேன்சல் பண்ணிட்டாரேம்மா," என்றாள் வரவேற்பறைப் பெண். "உங்களுக்குக் குணமாயிடுச்சுன்னு சொன்னார். ரொம்ப சந்தோஷம்மா."

சந்தோஷமாம். அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். விரல் மடங்காததால் இப்போதெல்லாம் எதுவுமே தோளில்தான்.

வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். தெருவில் எல்லோருக்கும் மாஸ்டர். கற்றுக்கொள்கிறவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தான்தான் ஓட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பான். பக்கத்து சீட்டில் மாஸ்டரின் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அவள் கதையும் அதுதான். மனுஷர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். எல்லாவற்றையும் உன் நல்லதுக்குத்தான் என்று செய்கிறவரிடம் எந்தப் பக்கத்திலிருந்து சண்டையை ஆரம்பிப்பது?

ஹிப்னோதெரபிக்குப் போவது என்று முடிவு செய்தது அவள்தான். மாத்திரை மூட்டுவாதத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்திருந்தது, ஆனால் மிச்சமிருந்த வலி தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது. "மருந்தோட சேர்த்து இதையும் பாருங்க," என்று மூட்டு டாக்டரே விலாசம் கொடுத்தார். கண் முன்னால் சங்கிலியை ஆட்டி மயக்குவார்கள் என்று பயந்துகொண்டு போனால், அங்கே இருந்தது ஒரு சாய்வு நாற்காலியும், எந்நேரமும் மூக்கடைத்த குரலில் பேசுகிற ஒரு பெண்மணியும்தான். "உங்க வலி பொய்னு நான் சொல்ல மாட்டேன். நோயைக் குணப்படுத்துறதும் என் வேலை இல்லை. பக்கத்து வீட்டு ரேடியோவை நம்மால நிறுத்த முடியாது, நம்ம ஜன்னலைச் சாத்திக்கலாம் இல்லையா? அவ்வளவுதான்," என்றார். கண்ணை மூடச் சொன்னார். மூச்சை மெதுவாக விடச் சொன்னார். கை குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் கிடப்பதாக நினைக்கச் சொன்னார். முதல் தடவை அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. போகப் போகக் கை நிஜமாகவே சில்லிட்டது. ஒருநாள் விடியும்வரை தூங்கி எழுந்தவள், இது தன் படுக்கைதானா என்று சுற்றிப் பார்த்தாள். வீட்டில் பழகுவதற்காக அந்தப் பெண்மணி தன் குரலை அவள் போனில் பதிவு செய்தும் கொடுத்தார்.

அந்தச் சந்தோஷத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். "வலி பாதியா குறைஞ்சிருக்குங்க," என்று மாஸ்டரிடம் சொல்லித் தொலைத்தாள்.

"பார்த்தியா? அப்ப எல்லாம் மனசுலதான் இருந்திருக்கு," என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தைக்கே அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருக்க வேண்டும். விட்டுவிட்டாள். அதற்குள் செய்தி நாத்தனாருக்குப் போய்விட்டது. நாத்தனார் புது வீட்டுக்குப் போகிறாள். அத்தனை ஜன்னலுக்கும் திரை தைக்க அண்ணியை விட்டால் யார்? "வலிச்சா அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டுக்கிட்டே தைங்களேன் அண்ணி," என்றாள், பாட்டுக் கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவச் சொல்வது மாதிரி. மாஸ்டர் அவளுக்கும் ஒரு படி மேலே போய், பதிவைத் தன் போனிலும் ஏற்றிக்கொண்டார். அடுப்படியில் இவள் "அம்மா" என்று முனகினால் போதும், கூடத்திலிருந்து மூக்கடைத்த குரல் கிளம்பும்: "உங்க கை குளிர்ந்த தண்ணியில இருக்கு..." தண்ணீரில் போட வேண்டியது கையை இல்லை, அந்தப் போனை என்று இருக்கும் அவளுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு எந்த ஓடையில் போய்க் கையை வைப்பது? இப்போதெல்லாம் அந்தக் குரல் கேட்டாலே வலி கூடியது. கண்ணை மூடினால் தனக்கென்று ஓர் இடம் கிடைத்திருந்தது, அங்கேயும் வந்து அவர் பிரேக்கைப் பொருத்திவிட்டார்.

கிளினிக்கில் போய் உட்கார்ந்ததும் அவருக்குப் போன் செய்தாள். "டாக்டர் கிளினிக்குக்கு வாங்க."

"எதுக்கு? அதைத்தான் நான்..."

"வாங்கன்னா வாங்க."

வந்தார். வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்தார். "இப்ப எதுக்கு ஊரைக் கூட்டறே? உனக்காகத்தானே பண்ணேன். சரியாப் போனதுக்கு அப்புறம் டாக்டர் எதுக்கு?"

"சரியாப் போச்சுன்னு யார் சொன்னா?"

"நீதானே சொன்னே?"

"குறைஞ்சிருக்குன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே," என்றார் மாஸ்டர். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எல்லோரையும் பார்த்து முடித்த பிறகுதான் டாக்டர் அவளைக் கூப்பிட்டார். மணிக்கட்டைத் தன் இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினார். கண்ணை மூடி மூச்சை இழுத்திருந்தால் கொஞ்சமாவது தணித்திருக்கலாம். அவள் வேண்டுமென்றே கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டாள். வலி முழுசாக வரட்டும் என்று விட்டாள். அவள் போட்ட சத்தத்தில் வெளியே வரவேற்பறைப் பெண்ணின் போன் பேச்சு நின்றுபோனது.

மாஸ்டர் பதறிப்போய்ச் சட்டைப் பையில் கை விட்டார். "இரு இரு, கண்ணை மூடிக்கோ, நான் அதைப் போடறேன்."

"அந்தப் போனைத் தொட்டீங்கன்னா நடக்கறதே வேற!" அவளுக்கே அது தன் குரலா என்று இருந்தது. "வலிக்குது. மனசுல இல்லை, இங்கே. இதோ, இங்கே. ஜன்னலைச் சாத்தறதும் திறக்கறதும் என் இஷ்டம். உங்க தங்கச்சி வீட்டு ஜன்னலுக்காக நான் கத்துக்கலை. குணமாயிடுச்சுன்னு சொல்ல நீங்க யாருங்க? இது உங்க கையா?"

மாஸ்டர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஊசியைத் தயார் செய்துகொண்டிருந்தார். "நீர் கோத்திருக்கு. எடுத்துப் பார்க்கணும்," என்று மட்டும் சொன்னார்.

வீங்கிய மூட்டுக்குள் ஊசி இறங்கியது. குழலில் நீர் மெல்ல மெல்ல ஏறியது, மஞ்சளாக, கலங்கலாக. மாஸ்டர் பார்க்கக்கூடாது என்றுதான் தலையைத் திருப்பினார். பிறகு பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது தெளிவா இருக்கணும் சார்," என்றார் டாக்டர். "வலியைத் தணிச்சுக்க அவங்க கத்துக்கிட்டது நல்ல விஷயம். அதை விட வேண்டாம். ஆனா வலி தணிஞ்சா நோய் தணிஞ்சதா அர்த்தம் இல்லை. உள்ளே அது பாட்டுக்கு எலும்பை அரிச்சுக்கிட்டு இருக்கும்." நீரை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பிக்கு மாற்றி மூடி, மாஸ்டரிடம் நீட்டினார். "லேப் அந்தக் கடைசியில இருக்கு. நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துடுங்க. தாமதம் வேண்டாம்."

மாஸ்டர் சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு வாங்கினார். வாங்கியவர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். "சுடுதே," என்றார்.

அவள் கோபம் ஒரு சொட்டுகூட இறங்கியிருக்கவில்லை. இறங்கட்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை.

திறந்த கதவு வழியாக நடைவழி முழுக்கத் தெரிந்தது. குப்பியை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு மாஸ்டர் நடந்தார். எதிரே ஒரு சக்கர நாற்காலி வந்தது. அவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, குப்பியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து அதற்கு வழிவிட்டார். நாற்காலி போன பிறகும் அங்கேயே நின்று, கைகளை லேசாக விரித்து உள்ளே பார்த்தார்.