நான்காவது கோலுக்குக் காத்திருந்தவள்

1

இந்தக் கதை ஒரு ஜிப்பிலிருந்து பிறந்தது. மூன்றாவது கோல் விழுந்ததும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் தன் மேல்சட்டையின் ஜிப்பைப் பாதிவரை இறக்கினாள். கோல் விழுந்தது அவளுடைய அணிக்கு எதிராகத்தான். அவள் அணியில் மற்ற எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். அவள் மட்டும் தயாரானாள்.

நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. என் வேலை அப்படி. ஸ்கோர் பலகைக்குப் பின்னால் நின்று, கோல் விழும்போது பழைய எண் தகட்டைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராதவள் நான். எனக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது. தகடு மாட்டாத ஓட்டை வழியாக எல்லோரையும் பார்க்கலாம், என்னை ஒருவரும் பார்க்க முடியாது. யோசித்துப் பார்த்தால் கதை எழுதுவதும்

(மீதியை அடித்துவிட்டேன். பெரிய பேச்சாக இருந்தது.)

2

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஜிப் புரியாது.

எங்கள் வட்டாரக் கால்பந்து லீக்கில் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், ஆணும் பெண்ணும் கலந்து, அணிக்கு ஒன்பது பேராக ஆடுகிறார்கள். ஓர் அணி நான்கு கோல் பின்தங்கிவிட்டால் பத்தாவதாக ஒருவரை இறக்கிக்கொள்ளலாம். வித்தியாசம் மூன்றாகக் குறைந்த உடனே அந்தப் பத்தாவது ஆள் வெளியே வந்துவிட வேண்டும். பிள்ளைகள் பதினைந்து கோல் வாங்கி அழுதுகொண்டே வீட்டுக்குப் போவதைப் பார்த்து யாரோ நல்ல மனசோடு கொண்டுவந்த விதி. விதிப் புத்தகத்தில் அதற்குப் பெயர் 'கூடுதல் ஆட்டக்காரர்'. வேலிக்கு வெளியே நிற்கும் பெற்றோர்கள் வைத்த பெயர் 'ஓசி ஆள்'.

பதினைந்து கோல் ஏன் விழுகிறது என்று யாரும் கேட்பதில்லை. கொஞ்சம் நன்றாக ஆடுகிற பிள்ளையைப் பெரிய கிளப்புகள் பத்து வயதிலேயே தூக்கிக்கொண்டு போய்விடுகின்றன. தூக்கியதில் பாதியைப் பெஞ்சில் காயப்போடுகின்றன. மிஞ்சியவர்களை வைத்துச் சின்ன அணிகள் ஓடுகின்றன. அவற்றுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் வாரம் முழுக்க வேறு எங்கோ உழைத்துக் களைத்தவர்கள். பயிற்சியாளர்களுக்கு யார் பயிற்சி கொடுப்பது என்று லீக்கைக் கேட்டால், அடுத்த சீசனில் பார்க்கலாம் என்கிறார்கள். சின்ன அணி இல்லாவிட்டால் பெரிய கிளப் யாரைத்தான் ஜெயிக்கும்? ஆகவே தோற்பதற்கென்றே சில அணிகளை லீக் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

(கட்டுரை ஆகிவிட்டது. ஆனால் இதை அடிக்க மாட்டேன். இருக்கட்டும்.)

3

கதையை இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: பேக்கரி வேன் ஓட்டும் ஒருவர் இருந்தார். அவர் ஈவு இரக்கம் இல்லாதவர்.

அவர்தான் அந்த அணியின் பயிற்சியாளர். பெஞ்சில் இருந்த பெண்ணுக்குத் தாய்மாமா. ஆட்ட நாளில் காலி ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே பிள்ளைகளை உட்காரவைத்து அதே வேனில் அழைத்து வருவார். மைதானத்தில் இறங்கும்போது அத்தனை பேர் முழங்காலிலும் மாவு ஒட்டியிருக்கும். அணியில் மொத்தமே பத்துப் பேர். ஒன்பது பேரை ஆட விடுவார். பத்தாவது எப்போதும் அக்கா மகள்தான். அதனால் அவரை வில்லனாக எழுத எனக்கு வசதியாக இருந்தது.

பிறகு ஒரு நாள் அவர் என் பலகையில் சாய்ந்துகொண்டு, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவரிடம் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் ஒருத்தி நிற்பது அவருக்குத் தெரியாது. கோலில் நிற்பது தன் மகன் என்றார். வேறு யாரும் அங்கே நிற்கச் சம்மதிப்பதில்லையாம். அக்கா மகளையும் இறக்கினால் குடும்பக் கம்பெனி நடத்துகிறான் என்பார்களாம். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மத்தவன எவனையாவது உக்கார வெச்சா அடுத்த வாரம் வர மாட்டான். அப்புறம் ஒருத்தனுக்குக் காய்ச்சல்னாலும் எனக்கு ஒன்பது பேர் தேறாது. இவ ஒருத்திதான் உக்கார வெச்சாலும் வருவா."

வில்லனை அடித்தேன். நம்பி உட்காரவைக்கலாம் என்கிற ஒரே காரணத்துக்காக ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அதற்கு வில்லன் எதற்கு?

*

அந்தப் பெண்ணையும் நான் சந்தேகப்பட்டேன். தன் அணி தோற்க வேண்டும் என்று ஆசைப்படுகிற ஒருத்தியை வாசிக்கிறவர்களுக்குப் பிடிக்குமா? ஆனால் அவள் வேறு எதற்கு ஆசைப்பட முடியும்? நான்கு கோல் வாங்கினால்தான் உள்ளே போகலாம். ஒரு முறை உள்ளே போய்ப் பந்தைத் தொடுவதற்குள் அவள் அணி ஒரு கோல் போட்டுவிட்டது. எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நடுவர் அவளைப் பார்த்து வெளியே கை காட்டினார். கை தட்டிக்கொண்டேதான் வெளியே நடந்தாள். சந்தேகத்தை அன்றைக்கே விட்டுவிட்டேன்.

4

இனி ஜிப் இறங்கிய அந்த ஆட்டம். சீசனின் கடைசி ஆட்டம். அடுத்த சீசனில் அவளுக்குப் பதின்மூன்று ஆகிவிடும். அதற்குமேல் கலந்து ஆட முடியாது. பெண்களுக்கு என்று தனி அணி இந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. இன்றைக்கு இறங்காவிட்டால் இனி அவள் வேடிக்கை பார்க்க வருகிறவள்தான், என்னை மாதிரி.

மூன்று கோல் விழுந்தாயிற்று. எதிரணி பெரிய கிளப். அவர்களுடைய பயிற்சியாளர் கோட்டோரம் வந்து, மூன்றோடு நிறுத்துங்கள், பந்தைச் சும்மா வைத்து விளையாடுங்கள் என்று தன் பிள்ளைகளுக்குச் சொன்னார். இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். நான்காவது போட்டால் இவர்களுக்கு ஓர் ஆள் கூடிவிடும். பெரிய கிளப்புகள் எல்லாம் மூன்றில் நிறுத்தப் பழகிவிட்டன. அதைத்தான் அவர்கள் பயிற்சி என்கிறார்கள்.

பந்து அங்கும் இங்கும் உருண்டது. நேரம் போனது. ஜிப் பாதியிலேயே நின்றது.

கோலில் நின்ற மாமா மகன் பெஞ்சைப் பார்த்தான். பிறகு பெஞ்சைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். எதிரணிப் பையன் ஒருவன் யாருக்கோ தள்ளிய பந்து தவறிக் கோலை நோக்கி உருண்டது. நடக்கப் பழகுகிற குழந்தைகூடப் பிடித்திருக்கும். அவன் குனிந்தான், கொஞ்சம் தாமதமாக. பந்து அவன் கால்களுக்கு நடுவே போய் வலையில் படுத்துக்கொண்டது.

(அவன் வேண்டுமென்றே விட்டான் என்று எழுதலாமா? எனக்கு நேர் எதிரே நடந்தது. எழுதுகிறேன்: விட்டான்.)

வேலிப் பக்கம், ராத்திரி தூங்கலையாடா, வீட்டுல கொசுவா என்று சிரித்தார்கள். பேக்கரிக்காரர் சிரிக்கவில்லை. பெஞ்சுக்கு வந்தார்.

"எழுந்திரு."

அவள் அசையவில்லை. "அவன் வேணும்னே விட்டான் மாமா."

"தெரியும்."

"எனக்கு ஓசில வேணாம்."

அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஓசி இல்லடி. நாலு பேர் சிரிக்கச் சிரிக்க ஒரு கோல் குடுத்து வாங்கியிருக்கான். போ, போய் ஆடு."

ஜிப் முழுக்க இறங்கியது. ஆனால் அவள் நேராக நடுவுக்கு ஓடவில்லை. முதலில் தன் கோலுக்குப் போனாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால், வீட்டுக்கு வா இருக்கு உனக்கு என்றுதான் இருக்க வேண்டும்.

5

அவள் எப்படி ஆடினாள்? ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்தே பார்த்தவள் அல்லவா, யார் எந்தப் பக்கம் திரும்புவான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மூன்றில் நிறுத்தப் பழகியவர்கள் நான்கில் தூங்கியே போயிருந்தார்கள். அவர்கள் காலிலிருந்து பந்தைப் பறித்து, ஒருவனைத் தாண்டி, இன்னொருவனையும் தாண்டி

(இங்கே மூன்று வரி எழுதி அடித்தேன். உவமைகள்.)

முன்னால் வந்துவிட்ட கோல்காரனையும் தாண்டிவிட்டாள். இப்போது அவளுக்கு முன்னால் திறந்த கோல். பந்து வலது காலடியில். ஆட்டம் இன்னும் கொஞ்சம் பாக்கி. உதைத்தால் கோல். கோல் என்றால் வித்தியாசம் மூன்று. மூன்று என்றால் அவள் வெளியே, இனி எப்போதைக்கும்.

முடிவு ஒன்று: உதைக்கிறாள், போடுகிறாள், தலை நிமிர்ந்து வெளியே நடக்கிறாள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளை வெளியே அனுப்பிவிட்டு அதற்கு வெற்றி என்று பெயர் வைக்க எனக்குக் கை வரவில்லை.

முடிவு இரண்டு: பந்தைப் பக்கத்தில் இருப்பவனுக்குத் தட்டிவிட்டுக் கடைசி விசில்வரை ஆடுகிறாள். நியாயம்தான். ஆனால் அப்போது அவளும் கணக்குப் பார்த்து நிறுத்துகிறவள் ஆகிவிடுகிறாள்.

முடிவு மூன்று: என் கதை, நான் விதியை மாற்றுகிறேன். கோல் போட்டாலும் அவள் உள்ளேயே இருக்கலாம். அப்படியே அடுத்த சீசனில் பெண்களுக்கு ஓர் அணி. பேக்கரிக்காரருக்கு ஆட்ட நாளில் லீவு. அவருக்குப் பயிற்சி கொடுக்க ஓர் ஆள். எழுத எழுத நீண்டுகொண்டே போனது. இது கதை இல்லை, மனு. சரி, மனுவும் எழுதுவேன். லீக் ஆபீசில் நாலு பேர் இருப்பார்கள்; போய் வாயைத் திறந்து படித்தும் காட்டுவேன். ஆனால் இந்தக் கதையின் முடிவு அது ஆகாது.

6

நிஜத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. எப்போது உள்ளே வரலாம், எப்போது வெளியே போக வேண்டும் என்று அவளுக்கு லீக் சொன்னது, மாமா சொன்னார், மாமா மகன் சொன்னான், எதிரணிப் பயிற்சியாளர்கூடச் சொன்னார். இன்னொரு ஆளாக நான் வேறு எதற்கு?

உங்களுக்கு ஒரு முடிவு வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவளைக் கேட்டு எழுதுங்கள். கேட்பதற்கு முன்னால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: அவள் திறந்த கோலுக்கு முன்னால் நின்றபோது மாமா ஏதோ கத்தினார், வேலிப் பக்கம் எல்லோரும் கத்தினார்கள். அவள் ஒரு பக்கமும் திரும்பவில்லை. பந்தை மட்டும் பார்த்தாள். காலைப் பின்னால் இழுத்தாள்.