மல்லாந்து இருபத்திரண்டு நிமிஷம்

அவன் மல்லாந்து தூங்கி ஆறு வருஷமாகிறது. ஹாலில் ஒரு நாற்காலி, எதிரே மேஜை, மேஜைமேல் இரண்டு தலையணை. அவற்றைக் கட்டிக்கொண்டு முன்பக்கம் கவிழ்ந்தால் கணையம் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். நிமிர்ந்தால் கடிக்கும். மல்லாந்தால் முதுகுவரைக்கும் துளைத்துக்கொண்டு போகும். கைபேசி பழுதுபார்க்கிறவனுக்கு இது ஒருவகையில் தோதாகவும் போயிற்று. பூதக்கண்ணாடிக்குக் கீழே நாள் முழுக்கக் குனிந்திருப்பவனை, ஏன் குனிந்திருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. கடைவீதியில் அவனுக்குக் கேள்விக்குறி என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான், அவ்வளவுதான்.

இன்று காலை பதினோரு மணிக்கு அவன் இருபத்திரண்டு நிமிஷம் மல்லாந்து படுக்க வேண்டும். ஆடக் கூடாது.

போன வாரமே ஒருமுறை படுத்துப் பார்த்தாயிற்று. ஸ்கேன் குழாய்க்குள் நாலாவது நிமிஷம் உடம்பு தானாகச் சுருண்டுகொண்டது. படமெல்லாம் கலங்கல். டாக்டர் அதைத் திரையில் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "கணையத்துல இருக்கற கல்லெல்லாம் பழைய கல்லுதான். கணையத்தோட தலைப்பக்கம் புதுசா ஒரு நிழல் இருக்கு. வெறும் வீக்கமா, வேற ஏதாவதான்னு இதை வெச்சுச் சொல்ல முடியாது" என்றார். வேற ஏதாவது என்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. இந்த முறையும் படம் கெட்டால் அடுத்தது ஐந்து வாரம் கழித்துத்தான். ஐந்து வாரம் என்றதும் மனைவி அவனைப் பார்த்தாள். அவன் சுவர் காலண்டரைப் பார்த்தான்.

ஸ்கேன் பிரிவின் வரவேற்பில் படிவம் கொடுத்தார்கள். உடம்புக்குள் இரும்பு உண்டா, இல்லை. மூடிய இடம் பயமா, இல்லை. வலியின் அளவு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள். பேனா தானாகவே மூன்று போட்டது.

ஆறு வருஷமாக மூன்றுதான். முதல் வருஷம் ஒரு தடவை ஒன்பது என்று சொல்லியிருக்கிறான். பணியிலிருந்த இளம் டாக்டர் ஃபைலைப் புரட்டி, "குடிக்கறப்ப தெரியலையா?" என்று கேட்டார். குடித்தது உண்மைதான், மறைக்க ஒன்றுமில்லை. விட்டு அப்போதே ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. வேறு ஏதோ எழுதினார். அதற்குப் பிறகு எந்த மருந்துக் கவுண்டருக்குப் போனாலும் மாத்திரையை ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார்கள், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே. வீட்டில் ஐந்து என்றால் மனைவி லீவு போட்டாள். ஏழு என்றால் அழுதாள். இரண்டு என்றால் யாரும் நம்பவில்லை. மூன்று சொன்னால் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

"மூணுதானா?" மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"மூணுதான்."

"அப்ப போன வாரம் ஏன் புழுவாட்டம் சுருண்டீங்க?"

"ஏசி குளிரு."

அவள் அந்த மூன்றை இன்னொரு தடவை பார்த்தாள். துணி ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கிறவள் அவள். ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை அவள் கைவழியாகப் போகும். ஒரு தையல் விட்டிருந்தாலும் விரல் அங்கே போய் நின்றுவிடும்.

உடை மாற்றிக்கொண்டு உள்ளே போனான். பெல்ட், வாட்ச், மோதிரம் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஏந்திக்கொண்டு அவள் கதவருகில் நின்றாள். ஸ்கேன் எடுக்கும் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். படுக்கையைக் கீழே இறக்கி, "படுங்க சார்" என்றாள்.

அவன் விளிம்பில் உட்கார்ந்தான். முதுகுக்குப் பின்னால் பள்ளம் ஒன்று தோண்டி வைத்திருப்பதுபோல இருந்தது. முழங்கையை ஊன்றி அங்குலம் அங்குலமாகச் சாய்ந்தான். பாதி வழியிலேயே தொப்புளுக்கு மேலே திருகாணியை முடுக்குகிற மாதிரி ஆரம்பித்துவிட்டது. இன்னும் இயந்திரமே ஓடவில்லை.

வயிற்றின்மேல் பட்டையைக் கட்ட அந்தப் பெண் அங்கியை விலக்கினாள். கை அப்படியே நின்றது.

தொப்புளைச் சுற்றி, விலாவரைக்கும், பழுப்பு நிறத்தில் மீன்வலை விரித்ததுபோல் தழும்பு.

"என்ன சார் இது?"

"தோல் அலர்ஜி."

மனைவியிடம் சொன்னதும் இதேதான். அவள் களிம்பு வாங்கி வந்தாள். தீரத் தீர வாங்கினாள். அவனும் ஒழுங்காகத் தடவிக்கொண்டான். நிஜத்தில் அது கடைச் சூட்டுத்தட்டின் வேலை. உடைந்த திரையைக் கைபேசியிலிருந்து பிரித்தெடுக்க, பசை இளகுவதற்காகச் சூடேற்றுகிற தட்டு. மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அதைத் துண்டில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொள்வான். கடையில் கூட வேலை பார்க்கிற மச்சினன் முதலில் பதறினான், பிறகு பழகிக்கொண்டான். "மாமா, அது திரையைப் பிரிக்கிற தட்டு. உங்களைப் பிரிச்சிட்டா திருப்பி ஒட்ட என்கிட்ட பசை இல்ல" என்பான். அக்காவிடம் மட்டும் மூச்சுவிடக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தது.

"அலர்ஜி இப்படி வலை போடாது" என்றாள் அந்தப் பெண். "தினம் சூடு வெச்சாத்தான் இப்படி வரும். வருஷக்கணக்கா வெச்சிருக்கீங்க." படிவத்தை எடுத்துப் பார்த்தாள். "மூணுன்னு போட்டிருக்கீங்க. மூணு வலிக்கு யாரும் தோலைச் சுட்டுக்க மாட்டாங்க சார்."

கதவருகில் தட்டிலிருந்த மோதிரம் உருண்டு கிணுகிணுத்தது.

"சரியான நம்பர் சொன்னா டாக்டருக்கு போன் பண்ணி ஊசிக்கு எழுதி வாங்குவேன். மூணுன்னா ஊசி கிடையாது. இப்படியே படுக்கணும். போன வாரம் மாதிரிதான் ஆகும்."

சொன்னால் ஃபைலில் மறுபடி ஏதாவது எழுதுவார்கள். சொன்னால் ஆறு வருஷமும் பொய் என்று மனைவிக்குத் தெரிந்துவிடும். அதையெல்லாம்விட, மூன்று என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை அந்த நிழலும் மூன்று அளவுக்குத்தான் இருக்கும் என்று எங்கேயோ நம்பிக்கொண்டிருந்தான். கிறுக்குத்தனம்தான். தெரிந்தேதான் நம்பினான். ஆனால் வலி முதுகைத் துளைத்துக்கொண்டிருந்தது, கடிகாரத்தில் பதினொன்று ஐந்து, ஐந்து வாரம் என்பது முப்பத்தைந்து நாள்.

"எட்டு."

"இன்னைக்கா?"

"தினமும்."

மனைவி தட்டை வெளியே நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை. குனிந்து வயிற்றைப் பார்த்தாள். ஒரு விரலால் தழும்பின் ஓரத்தைத் தொட்டு, வலையின் ஒரு கோட்டிலேயே விலாவரைக்கும் போனாள்.

"எதுல சுட்டீங்க?"

"கடைத் தட்டுல."

"என் தம்பிக்குத் தெரியுமா?"

அவன் அங்கியை இழுத்து மூடப் பார்த்தான்.

"தெரியும். ரெண்டு பேரும் சேர்ந்து என்னை நல்லா முட்டாளாக்கியிருக்கீங்க. ஒன்பது டியூப் களிம்பு! கடைக்காரன் என்னைப் பார்த்தாலே எடுத்து வெச்சிடறான்." குரல் உடைந்தது, உடனே ஒட்டிக்கொண்டது. "ஊசி போடுங்கம்மா. இவர் சொல்ற நம்பரை இனிமே என்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

போன் போயிற்று. டாக்டர் ஊசிக்கு எழுதினார். நர்ஸ் வந்து போட்டுவிட்டு, மூச்சு சீராக இருக்கிறதா என்று பத்து நிமிஷம் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். ஃபைலில் என்ன எழுதினார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. திருகாணி ஒவ்வொரு சுற்றாகக் கழன்றது. முதுகு படுக்கையைத் தொட்டது. தலைக்கு மேலே கூரையில் ஒரு ஈரக்கறை. ஆறு வருஷத்தில் அவன் நிதானமாக அண்ணாந்து பார்த்த முதல் கூரை.

தாலியையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டு வந்தால் கூட நிற்கலாம் என்றார்கள். கழற்றிவிட்டு வந்து கால்மாட்டில் நின்றாள். படுக்கை குழாய்க்குள் நகர்ந்தது. மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வெள்ளைச் சுவர். தடதடவென்று யாரோ தகரத்தை அடிக்க ஆரம்பித்தார்கள். மூச்சை இழுங்க. விடுங்க. அப்படியே நிறுத்துங்க. நிறுத்திய இடத்தில் வலி இல்லை. அந்தக் காலி இடத்துக்குள் நிழல் வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனை நாளும் கவனிக்க வேறு வேலை இருந்தது. இப்போது ஒன்றுமே இல்லை, அது மட்டும்தான். எவ்வளவு பெரிசு, எந்தப் பக்கம் வளர்கிறது, எத்தனை மாதம். எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. கால் கட்டைவிரலை அவள் பிடித்திருந்தாள், ஆறுதலுக்குப் பிடிக்கிற மாதிரி இல்லை, தப்பிக்கப் பார்க்கிறவனைப் பிடிக்கிற மாதிரி.

அவன் ஆடவில்லை.

"படம் கண்ணாடி மாதிரி வந்திருக்கு" என்றாள் அந்தப் பெண். அவள் முகத்தில் எதையாவது படிக்க முடியுமா என்று இருவரும் பார்த்தார்கள். முடியவில்லை. அவளுக்கு அது பழக்கம்போல.

மாடியில் டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்தார்கள். அவள் தாலியை உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டாள். அவன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டான்.

"இப்ப எத்தனை?"

அவன் உள்ளே பார்த்தான். யோசித்து, நிறுத்து, ஆறு வருஷத்தில் முதல்முறையாக ஒழுங்காக அளந்து பார்த்தான்.

"மூணு."

விட்ட தையலைத் தேடுகிறவள்போல அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"சத்தியமா மூணுதான்டி."

"சட்டையைத் தூக்குங்க."

"இங்கயா? ஆளுங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

டாக்டர் அறைக் கதவு திறந்தது. உதவியாளர் எட்டிப் பார்த்து, "உள்ள வாங்க. ரெண்டு பேருமே வாங்க" என்றார்.

ரெண்டு பேருமே என்று ஏன் சொன்னார் என்று இருவரும் ஒரே நேரத்தில் நினைத்தார்கள். அவள் அவன் கையைப் பிடித்தாள். அவன் எழுந்து, பழக்கத்தில் குனிந்தபடியே நடந்தான்.