கனவில் எரியாத விளக்கு

சுவிட்சைப் போட்டேன், விளக்கு எரியவில்லை. அடச்சே, இதுவும் கனவுதான் என்று புரிந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி, அந்த நொடியே ஊசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரிக்க வேண்டும் என்று நான் நினைத்தேன், அதனால் சிரித்தாள். அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது.

எனக்கு எலக்ட்ரீஷியன் வேலை. முப்பத்தைந்து வருடப் பழக்கம், எந்த அறைக்குள் நுழைந்தாலும் சுவிட்சை ஒரு தடவை தட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. சொந்தக்காரர் வீட்டுக் குளியலறையில் ஆள் இருக்கும்போதே வெளியிலிருந்து தட்டி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கனவிலும் இந்தப் பாழாய்ப்போன கை சும்மா இருப்பதில்லை. ஆனால் கனவில் எந்த விளக்கும் என் பேச்சைக் கேட்பதில்லை.

மகளிடம் சொன்னேன். "கனவுன்னு தெரிஞ்சே காணுற கனவுப்பா அது. சும்மா வர்ற கனவு நம்மள இழுத்துட்டுப் போகும். இதுல நாம அத இழுத்துட்டுப் போகலாம். பறக்கலாம், யார வேணும்னாலும் வரவைக்கலாம். குடுத்து வச்சவருப்பா நீங்க" என்றாள்.

பறந்தும் பார்த்தேன், இரண்டு தெருவுக்குமேல் அலுத்துவிட்டது. மனைவியைத்தான் திரும்பத் திரும்ப வரவைத்தேன். "என் மேல கோவமா?" என்றால் "இல்லீங்க" என்பாள். "வெளிய போலாமா?" என்றால் "போலாங்க" என்பாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முப்பத்தொரு வருடத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் முதல் தடவையே சரி என்றதில்லை. அவள் வாயை வைத்து நானே பேசிக்கொண்டிருந்தேன்.

முன்பு வந்த சாதாரணக் கனவுகளில் அவள் அவளாகவே இருந்தாள். ஒன்றில் என்னை பஸ்ஸில் விட்டுவிட்டு நடுவழியில் இறங்கிப் போனாள், காரணம்கூடச் சொல்லவில்லை. இன்னொன்றில் யாரோ பெண்களிடம் என்னைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். விழித்த பிறகுதான் அதெல்லாம் பொய். அதுவரை அவள் உயிரோடு இருந்தாள். அந்தக் கனவு எனக்குத் திரும்ப வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

சுவிட்சைத் தட்டினால்தானே கனவென்று தெரிகிறது? அதனால் கையை அடக்கப் பழகினேன். பொழுது சாய்ந்தும் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"என்னப்பா இது?"

"சுவிட்சத் தொடக் கூடாதுன்னு இருக்கேன்."

"எலக்ட்ரீஷியன் பேசுற பேச்சா?" என்று மகள் தானே போட்டுவிட்டுப் போனாள்.

போன ஞாயிறு மதியம், சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்தேன். அதே அறை. வெளியே மழை மூட்டம். மனைவி கட்டிலில் குனிந்து ஊசியில் நூல் கோக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கண்ணே தெரியல. அந்த லைட்டத்தான் போடுங்களேன்" என்றாள். அவளே கேட்கும்போது எப்படிப் போடாமல் இருப்பது? போட்டேன். எரியவில்லை.

போச்சு, தெரிந்துவிட்டது. இப்போது நிமிர்ந்து சிரிக்கப் போகிறாள். அவசர அவசரமாக, வேலைக்குப் போன வீட்டில் சொல்கிற குரலில், "ஃபியூஸ் போயிருக்கும் போல" என்று பொய் சொன்னேன்.

அவள் நிமிரவே இல்லை. "ஊரான் வீட்டுக்கெல்லாம் ஓடி ஓடிப் பாக்கத் தெரியுது. சொந்த வீட்டு லைட்டுன்னா மட்டும் எப்பப் பாத்தாலும் நாளைக்கு."

இது நான் நினைத்ததில்லை. சத்தியமாக நான் நினைத்ததில்லை.

"நாளைக்குப் பாத்துடுறேன்" என்றேன்.

"கிழிச்சீங்க. இந்த நூலையாவது கோத்துக் குடுங்க" என்று ஊசியை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். அங்கே வெளிச்சம் போதுமானதாக இருந்தது, ஊசியின் காது நன்றாகவே தெரிந்தது. பின்னால் அவள் என்னை ஏதோ திட்டி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பாமல், நூலைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோவதும் நழுவவிடுவதுமாக நின்றுகொண்டிருந்தேன்.