வாரத்தில் ஏழு நாளும் லீவில் இருந்த மாப்பிள்ளை

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கட்டியிருந்த பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் ஆட்டுக்கறியைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அலெக்சாண்டர் சார். என் தம்பி ஆல்பினுக்கு நாங்கள் பார்த்து வைத்திருந்த பெண் நான்சியின் அப்பா. நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்ட் ஃபோர்மேன், பெர்மனென்ட் ஆள். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலிருந்து மந்தாரக்குப்பத்தில் இருக்கிற எங்கள் வாடகை வீட்டுக்கு அவர் சும்மா வரமாட்டார்.

"இந்தச் சம்பந்தம் சரிப்படாதும்மா மெர்லின்" என்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

எனக்குக் கோபம் மூக்குமேல் உட்கார்ந்திருக்கும். என்னிடம் ஸ்கூல் யூனிபாரம் தைக்கக் கொடுத்துவிட்டு "ரெடியாக்கா?" என்று ரெண்டாம் தடவை கேட்டவர்களுக்கெல்லாம் அது தெரியும். ஆனால் பெண்ணைப் பெற்றவரிடம் காட்ட முடியுமா? கறிக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். பட்டு முந்தானை! அந்தக் கறை இன்னும் போகவில்லை.

"என்னா சார் ஆச்சு? மொதல்ல உக்காருங்க."

"உங்க தம்பி என்னா வேலை பாக்குறாரு?"

"துபாய்ல குதிரைப் பண்ணையில. சொன்னோமே சார்."

"எந்த ஷிப்ட்டு?"

அவர் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "தினம் காலையில எழுந்ததும் மாப்பிள்ளை ஸ்டேட்டஸ்தான் பாக்குறேன். திங்கக்கிழமை, உசரமான கட்டடத்துக்கு முன்னாடி நீலச் சட்டை. செவ்வாக்கிழமை, மீன் காட்சியில மஞ்சள் சட்டை. புதன் படகு, வியாழன் பாலைவனம். தினம் ஒரு எடம், தினம் ஒரு சட்ட! இந்தாளு எப்பம்மா வேலைக்குப் போறாரு?"

"லீவு நாள்ல போயிருப்பான் சார்."

"வாரம் பூராவா லீவு? எனக்கு இந்த டவுன்ஷிப்ல எல்லார் ஷிப்ட்டும் அத்துப்படிம்மா. தினம் குளிச்சிட்டுப் பளிச்சினு சுத்திக்கினு இருக்கிறவங்க ரெண்டே ஜாதி. ஒண்ணு ரிட்டயர்டு, இன்னொண்ணு சஸ்பெண்டு. உங்க தம்பிக்கு ரிட்டயர்டு ஆவுற வயசில்ல."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் பவுல்ராஜ் அதுவரை கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். கான்ட்ராக்ட் வேலைக்காரர், ஃபோர்மேன் முன்னால் வாய் திறக்க மாட்டார். இப்போது வந்து, "அவரு கேக்குறதும் ஞாயம்தானே" என்றார். கறிச்சட்டியை அவர் தலையில் கவிழ்க்காமல் விட்டது அன்றைக்கு வாங்கின நற்கருணையின் புண்ணியம்.

ஆல்பினுக்கு முன்நெற்றியில் முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது. அதற்கு முன் பார்த்த பெண்கள் எல்லாரும் ஃபோட்டோவைப் பார்த்தே வேண்டாம் என்றவர்கள். நான்சி ஒருத்திதான் அவனோடு போனில் பேசிப் பார்த்துச் சரி என்றாள். அவள் பேரைச் சொன்னாலே இவன் போனில் ஈயென்று இளிப்பது எனக்குக் கேட்கும். இது போனால் அவன் இடிந்துபோவான்.

அவன் ரூமுக்கு வருகிற நேரம் பார்த்துப் போன் போட்டேன். "ஏன்டா, நீ வேலைக்குப் போறியா, இல்ல கெய்டு வேலை பாக்குறியா?"

விஷயத்தைக் கக்கினான். வாரத்தில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் லீவு. அன்றைக்கு ஒரு பையில் சட்டைகளைத் திணித்துக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடிப்பான். ஒரு இடத்தில் ஃபோட்டோ, அங்கேயே கக்கூஸில் சட்டை மாற்றல், அடுத்த பஸ், அடுத்த இடம். ஒரே நாளில் எடுத்து வைத்துக்கொண்டு வாரம் முழுக்கத் தினம் ஒன்றாகப் போடுவான்.

"ஏன்டா இந்தக் கூத்து?"

"எல்லாரும் தினம் போடுறாங்கக்கா. நான் மட்டும் ஒண்ணும் போடலன்னா அந்தப் பொண்ணு என்னா நெனைக்கும்?"

"குதிரையோட ஒரு ஃபோட்டோ போட்டுத் தொலைய வேண்டியதுதானே!"

"பந்தயக் குதிரைக்கா. வெளியில தெரியக் கூடாது. வேலை நேரத்துல போனைப் பூட்டி வெச்சிடுவாங்க."

மறுநாளே குவார்ட்டர்ஸுக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அலெக்சாண்டர் சார் சிரித்துவிட்டார். "கக்கூஸ்ல சட்ட மாத்துறாரா? நல்லா இருக்குதும்மா கதை. வேலை செய்யிறத நான் கண்ணால பாக்கணும். அப்பதான் மேற்கொண்டு பேச்சு."

ஆல்பின் தன் சூப்பர்வைசரின் கையையும் காலையும் பிடித்து, கொட்டிலுக்குள் போன் கொண்டுபோக ஒரே ஒரு தடவை அனுமதி வாங்கினான். நிபந்தனை ஒன்றுதான். குதிரையின் முகம் தெரியக் கூடாது.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் அலெக்சாண்டர் சார் வீட்டு ஹாலில் கூடினோம். அவர் மனைவி மரியபுஷ்பம், மாப்பிள்ளை குதிரைமேல் ஏறிப் பறக்கப்போகிறார் என்று பக்கத்து வீட்டில்வரை சொல்லி வைத்திருந்தார். பண்ருட்டி முந்திரிப் பகோடா தட்டு நிறைய இருந்தது. நான்சி தன் போனைப் பெரிய டிவியில் இணைத்தாள்.

டிவி முழுக்கக் குதிரையின் பின்பக்கம் வந்தது.

"வணக்கம் மாமா. இதான் நான் பாக்குற குதிரை" என்று ஆல்பின் குரல் கேட்டது.

"மூஞ்சி எங்கப்பா?"

"மூஞ்சி காட்டக் கூடாது மாமா. பந்தயம் வருது."

"நல்ல கதை. ஸ்டேட்டஸ்ல உன் மூஞ்சி மட்டும் தெரியுது, குதிரையக் காணோம். இங்க குதிரை இருக்குது, மூஞ்சியக் காணோம். சரி, ஏறி ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டு."

"நான் ஏற மாட்டேன் மாமா. ஏறுறதுக்கு வேற ஆளு. எனக்குத் தீனி வைக்கிறது, தேச்சி வுடுறது, கொட்டில் கழுவுறது."

மரியபுஷ்பத்தின் முகம் தொங்கிப்போனது. "மூணு வருஷத்துல ஒருவாட்டி கூடவா ஏறல?" என்று அவர் கேட்டு வாய் மூடவில்லை, குதிரை வாலைத் தூக்கியது.

ஐயோ, அந்த டிவியை ஏன்தான் அவ்வளவு பெரிதாக வாங்கினார்களோ! பவுல்ராஜ் வாய்வரை கொண்டுபோன பகோடாவைத் தட்டிலேயே வைத்துவிட்டார். மரியபுஷ்பம் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் மாமா" என்றான் ஆல்பின். போனை எதன்மேலோ சாய்த்து வைத்தான். இப்போதுதான் அவன் முழுசாகத் தெரிந்தான். ரப்பர் பூட்ஸ், முழங்கால்வரை சேறு, வேர்வையில் ஒட்டிப்போன பனியன். மண்வெட்டியில் லத்தியை அள்ளித் தள்ளுவண்டியில் போட்டான். தரையைக் கூட்டினான். புது வைக்கோலை உதறிப் பரப்பினான். அப்புறம் குதிரையின் காலைத் தூக்கி மடியில் வைத்து, குளம்பைச் சுரண்டித் துடைத்தான். அது முடிந்ததும் அடுத்த கால். குதிரையிடம் தமிழில் என்னவோ பேசிக்கொண்டே இருந்தான். நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பதைச் சுத்தமாக மறந்துவிட்டான்.

பவுல்ராஜுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "கட் பண்ணிடலாமா சார்?"

"இருப்பா. ஆளு டியூட்டில இருக்காரு" என்றார் அலெக்சாண்டர் சார். கண்ணை டிவியிலிருந்து எடுக்கவில்லை.

மரியபுஷ்பத்துக்குத்தான் பொறுக்கவில்லை. "இதுவா வேலை? குதிரைக்குப் பின்னாடி நின்னு அள்ளுறவனுக்கா என் பொண்ணக் குடுக்கிறது?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அள்ளினா என்னாங்க கொறஞ்சி போச்சு? உங்க வூட்டுக்காரரு கரி அள்ளினாரு, என் தம்பி லத்தி அள்ளுறான். ரெண்டுமே சோப்பு போட்டா போயிடும்!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. போச்சு, என் வாயாலேயே கெடுத்தேன். பவுல்ராஜ் என்னைப் பார்த்த பார்வையில் அதேதான் இருந்தது.

ஆல்பின் கையைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தான். "மன்னிச்சிக்கங்க மாமா, லேட்டாயிடுச்சி."

நான்சி எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். இவ்வளவு நேரமும் அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"எத்தினி மணிக்கு எழுந்திருப்பீங்க?"

"மூணு மணிக்குங்க."

"லீவு அன்னிக்கு?"

"அன்னிக்கும் மூணுதாங்க. அப்பதான் மொத பஸ்ஸப் புடிச்சி எல்லா எடத்தையும் முடிக்க முடியும். உங்களுக்குத் தினம் ஒண்ணு அனுப்பணும்ல."

நான்சி வேண்டாமென்று தலையாட்டினாள். "வர்ற வெள்ளிக்கிழமை எங்கயும் போவாதீங்க. படுத்துத் தூங்குங்க" என்றாள்.

டிவியில் அவன் முகம் கோணிக்கொண்டு போனது. சட்டென்று திரும்பிக் குதிரையின் கழுத்தைத் தேய்ப்பதுபோல் நின்றுகொண்டான். அவன் போய் மூன்று வருஷம் ஆகிறது. அதை அனுப்பு, இதை வாங்கி வா, சாப்பிட்டியா என்று எல்லாம் கேட்டிருக்கிறேன். தூங்கு என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கு அழுகை பொங்கிவிட்டது.

அலெக்சாண்டர் சார் மட்டும் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒன்றும் சொல்லவில்லை. "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார், அவ்வளவுதான். அந்த வாரம் நான் தைத்த நிக்கர்களில் பாதிக்குப் பாக்கெட் வைக்க மறந்துபோனேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது. தையல் மிஷினை அப்படியே விட்டுவிட்டு எடுத்தேன்.

"ஏம்மா மெர்லின், மாப்பிள்ளைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா? இன்னிக்கு ஸ்டேட்டஸே காணோம். போன் போட்டாலும் எடுக்கல."

"தூங்குறான் சார்."

"இந்நேரத்துக்கா?"

"நேத்து சாயங்காலம் படுத்தவன்னு ரூம்ல கூட இருக்கிற பையன் சொன்னான் சார். இன்னும் எழுந்திருக்கல."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லி ஃபாதர்கிட்ட ரெண்டு பேர் பேரையும் குடுத்துட்டேன்மா. அதைச் சொல்லத்தான் போட்டேன்" என்றார்.

"சார்! இருங்க, இதோ இப்பவே அந்த ரூம் பையனுக்குப் போன் போட்டு அவன எழுப்பிச் சொல்றேன்!"

"அட வேணாம்மா" என்று அதட்டினார். அப்புறம், தூங்குகிறவன் அவர் வீட்டுக்குள்ளேயே படுத்திருப்பதுபோல், குரலை இறக்கிக்கொண்டார். "எழுப்பிடாதீங்க. எழுந்தப்புறம் சொல்லிக்கலாம்."