லோரித் தராசில் சத்தியசீலன்

சத்தியசீலன் கரங்கானுக்கு வெளியே உள்ள செம்பனை எண்ணெய் ஆலையில் தராசுக் கிராணி. பழம் ஏற்றி வரும் லோரிகளை நிறுத்துச் சீட்டுக் கொடுப்பது அவர் வேலை. அவருடைய சொந்த எடை நூற்று இருபத்தேழு கிலோ.

இளைக்க வேண்டும் என்று ஆறு முறை புறப்பட்டு, ஆறு முறையும் மூன்றாவது வாரத்தில் திரும்பி வந்தவர் அவர். வீட்டிலிருந்த சின்ன எடைக் கருவிதான் காரணம். நேற்றைவிட இன்று முந்நூறு கிராம் கூடியிருக்கிறது என்று அது காட்டிவிட்டால் மனம் உடைந்துபோகும். மனம் உடைந்தால் நேரே பரோட்டா போன்ற ரொட்டி சானாய் விற்கும் கடைக்குப் போவார். ஏழாவது முறை அந்தக் கருவியைத் தூக்கிப் போட்டுவிட்டு, இனி ஆலையின் லோரித் தராசில் மட்டுமே ஏறுவது என்று முடிவெடுத்தார். அது இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணும்; இடைப்பட்ட எடையைக் கிட்டத்தில் இருக்கும் இருபதோடு சேர்த்துவிடும். ஏறி நின்றார்; 120 என்று காட்டியது. மேலே இருந்த ஏழு கிலோவை அது கண்டுகொள்ளவே இல்லை. அந்தப் பெருந்தன்மை அவருக்குப் பிடித்துப்போயிற்று.

ஒரு மாதம் கழித்து மேனேஜர் சதாசிவம் பார்த்துவிட்டார். பழம் கொண்டு வருவதை மட்டுமே தராசில் ஏற்றலாம் என்று கடிதம் கொடுத்தார். சத்தியசீலன் விதியை மீறுகிறவர் இல்லை. மறுநாள் மச்சான் ரவிச்சந்திரனின் இரண்டு ஏக்கர் நிலத்திலிருந்து ஒரு செம்பனைக் குலையைத் தோளில் சுமந்து, ஒன்றரை கிலோமீட்டர் நடந்து வந்து, லோரிகளுக்கு நடுவே வரிசையில் நின்றார். குலையோடு ஏறினார், 140. இறக்கி வைத்துவிட்டு ஏறினார், 120. பழம் இருபது கிலோ, வெற்று வண்டி நூற்று இருபது என்று தன் பெயரிலேயே சீட்டு எழுதினார். சதாசிவம் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து தினமும் ஒரு குலை.

பதின்மூன்று மாதம் ஓடியும் 120 அசையவில்லை. மனைவி லோகேஸ்வரி அவருடைய பெல்ட்டில் நான்காவது ஓட்டையைப் போட்டுக்கொண்டே, வேறு எடைக் கருவி வாங்கலாமே என்றாள்.

“வேணாம்லா. அது நாளுக்கு ஒன்னு பேசும். இதுக்கு ஒரே பேச்சுதான்,” என்றார்.

பதினான்காம் மாதம் ஒரு புதன்கிழமை, குலையை இறக்கிவிட்டு ஏறியபோது 100 என்று வந்தது. பின்னால் நின்ற லோரி ஓட்டுநர் முனியாண்டி மகிழ்ச்சியில் ஹார்னை அழுத்தினார். மற்ற லோரிகளும் சேர்ந்து அலறின. சத்தம் கேட்டு ஓடி வந்த சதாசிவம் சீட்டைப் பார்த்து வெளிறிப்போனார். வெற்று வண்டி ஒரே நாளில் இருபது கிலோ குறையுமா? தராசு பழுது என்று சொல்லி, எல்லா லோரிகளையும் நிறுத்திவைத்து, சுங்கைப்பட்டாணியிலிருந்து பழுது பார்ப்பவரை வரவழைத்தார்.

அவர் வருவதற்குள் மதியமாகிவிட்டது. எண் மாறிவிடுமோ என்ற பயத்தில் சத்தியசீலன் அதுவரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வந்தவர் இரும்புக் கட்டிகளை அடுக்கியும் எடுத்தும் பார்த்துவிட்டு, தராசில் ஒரு குறையும் இல்லை என்றார். சத்தியசீலன் ஏறிக் காட்டினார். அப்போதும் 100.

“அப்ப வண்டியிலதான் ஏதோ கழண்டு விழுந்திருக்கு,” என்றார் சதாசிவம்.

“விழுந்திருக்குதான் பாஸ். பதினாலு மாசமா கொஞ்சம் கொஞ்சமா,” என்றார் முனியாண்டி.

சத்தியசீலன் ஒன்றரை லிட்டர் போத்தலைத் திறந்து ஒரே மூச்சில் குடித்து முடித்தார். ஆசைக்கு இன்னொரு முறை ஏறினார். 120.

அவர் அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

“இன்னும் ஒரு போத்தல் தண்ணி எடைதான் அண்ணே பாக்கி,” என்று முனியாண்டியிடம் சொல்லிவிட்டு இறங்கி, காத்திருந்த முதல் லோரிக்குக் கைகாட்டினார்.