மண்சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு

மாஸ்கோவில் பத்தொன்பது வருஷம் அடுத்தவன் வீட்டுச் சுவரைப் பூசியவன் நான். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் ஒரு நூல் பிசகாது. பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தப் பெருமையால்தான் கெட்டேன், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

போன செப்டம்பரில் என் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரையைக் குத்தி, ஐந்து வருஷத்துக்கு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று அனுப்பிவிட்டார்கள். நானும் மனைவி மவ்ஜூதாவும் எங்கள் சொந்த ஊர் கோசன்சாய்க்குத் திரும்பி, நான் பிறந்த வீட்டில் வந்து இறங்கினோம். பிறந்த வீடுதான், ஆனால் என் வீடு இல்லை. எங்கள் வழக்கத்தில் பெற்றோரின் வீடு கடைக்குட்டிக்குப் போகும். மூத்தவன் வெளியே போய்த் தனக்கென்று கட்டிக்கொள்ள வேண்டும். நான் இன்றைக்குக் கட்டலாம், நாளைக்குக் கட்டலாம் என்று பத்தொன்பது வருஷத்தை ஓட்டிவிட்டேன். ஊரான் வீட்டைப் பூசத் தெரிந்தவனுக்குத் தன் கூரைக்கு வழி தெரியவில்லை.

தம்பி இல்யோஸ் என்னைவிடப் பதிமூன்று வயது சின்னவன். பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். தங்கமானவன். விருந்தினருக்கென்று வைத்திருந்த பெரிய அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்து, "இருங்கண்ணா, எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் எனக்கு அது முள்ளாகத் தைத்தது. நாள் கணக்கு வந்து போகிறவனுக்குத்தானே? 'இது உங்க வீடு, இங்கேயே இருங்க' என்று அவன் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

கேட்க வாய் எழவில்லை. அதனால் கையைக் காட்டினேன். ஒழுகும் குழாயைச் சரிசெய்தேன். தொங்கிய கதவைத் தூக்கி நிறுத்தினேன். திராட்சைக் கொடிக்கு மரப்பந்தலைப் பிரித்துவிட்டு இரும்புக் குழாயில் பந்தல் போட்டேன். முற்றத்தில் கல் பாவினேன். தம்பி மனைவி ஓய்தின் தட்டில் ரொட்டியோடு வந்து, "ஐயோ பெரியத்தான், எங்க வீடா இது? கல்யாண மண்டபமாட்டம் இருக்கே!" என்பாள். அவ்வளவு போதும், ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்குவேன். பிறகு திரும்பவும் எங்கே எது உடைந்திருக்கிறது என்று தேடுவேன். உடையாத சிலவற்றையும் பிரித்துப் பார்த்ததுண்டு.

அப்படித் தேடும்போதுதான் வடக்குச் சுவர் கண்ணில் பட்டது. வீடு முழுக்க மண் வீடு. முழங்கை அகல மண்சுவர். ஒவ்வொரு வசந்தத்திலும் பெண்கள் சேற்றில் வைக்கோலைப் போட்டு மிதித்து அதைப் பூசுவார்கள். அடுத்த பனிக்காலம் அதைக் கழுவிவிடும். மறுபடி மிதிப்பார்கள். எனக்கு அது நாய்வாலை நிமிர்த்துகிற வேலையாகப் பட்டது. வடக்கில் தொடங்கி நாலு சுவருக்கும் கம்பிவலை அடித்து, இரண்டு அங்குலத்துக்குச் சிமெண்டுப் பூச்சு, அடியில் ஓடு, சுவரைச் சுற்றி வாய்க்கால் வரைக்கும் கான்கிரீட்டு என்று திட்டம் போட்டேன்.

"வேணாங்க" என்றாள் மவ்ஜூதா. புதுமருமகளாக அந்த வீட்டில் எட்டு வசந்தம் சேறு மிதித்தவள் அவள். "மண்சுவரு மூச்சு விடணும். குடிச்ச தண்ணிய அது வெளிய விடணும்ல?"

"சுவருக்கு மூக்கு எங்கடி இருக்கு? பதினேழு மாடிக்குப் பூசினவன்கிட்ட பாடம் நடத்துறியா?"

"அந்தப் பதினேழு மாடி மண்ணா?"

 யாராவது மடக்கினால் எனக்குக் கோபம் வரும். வந்தது. இல்யோஸும் தயங்கி, "அண்ணா, யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தான். "என்னைக் கேளு!" என்றேன். அடுத்த வீட்டு நோர்மத் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "எர்கஷ் அண்ணே, கெழட்டுக் கழுதைக்குக் கோட்டு தைக்கிறீங்களா? பொத்தான் போடாதீங்க, மூச்சு முட்டிச் செத்துரும்" என்று சிரித்தான். அவனுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோரு நாளில் முடித்தேன். ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நின்றது. தெருவே வந்து பார்த்தது.

ஜனவரியில் வடக்கு அறைக்குள் ஒரு வாசனை வந்தது. ஊறின மண்ணின் வாசனை, எனக்குத் தெரியும். அந்த அறையில்தான் தம்பி மகள் ஸுஹ்ரா படுப்பாள், ஆறு வயது. அவள் கட்டிலுக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தது. விரலால் அழுத்தினேன். பழைய ரொட்டியைத் தேநீரில் நனைத்த மாதிரி உள்ளே போனது. தரையின் ஈரத்தைச் சுவர் குடித்துக்கொண்டே இருந்தது, வெளியே விட வழியில்லாமல் நான் அடைத்து வைத்திருந்தேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். 'நான் தப்புப் பண்ணிட்டேன், பூச்சை உடைக்கணும்' என்றால் முடிந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். வீட்டைக் கெடுத்தவனிடம் யார் இங்கேயே இரு என்று சொல்வார்கள்? இல்யோஸ் பள்ளிக்கூடம் போனபின், ஓய்தின் சந்தைக்குப் போனபின், சுண்ணாம்பும் பெயிண்டும் எடுத்து அந்த இடத்தை மூடினேன். பிப்ரவரியில் மறுபடி பூத்தது. மறுபடி அடித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். பனி உருகியதும் காய்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிள்ளை அந்தச் சுவரோரம்தான் தூங்கினாள். அதையும் தெரிந்தேதான் செய்தேன்.

மார்ச்சில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் மத்தியானம் வெளியே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். டமாரம் மாதிரிச் சத்தம் கொடுத்தது. என் பூச்சு மட்டும் ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று நின்றது, அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. ஸுஹ்ரா காய்ச்சலோடு உள்ளே படுத்திருப்பது அப்போதுதான் உறைத்தது. ஓடினேன். பிள்ளையைப் போர்வையோடு அள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டினேன். பின்னால் சுவர் உட்கார்ந்தது. பெரிய சத்தம் கூட இல்லை. ஈர மூட்டையைப் போட்ட மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தபோது கட்டில் இல்லை, சேறுதான் இருந்தது.

சாயங்காலம் வரை அக்கம்பக்கம் வந்துபோனது. எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இல்யோஸின் பெரிய அறையில், அதாவது என் அறையில், நாங்கள் மட்டும் மிஞ்சியதும் ஓய்தின் அழ ஆரம்பித்தாள். "பெரியத்தான் இல்லேன்னா என் பிள்ளை இன்னைக்கு..."  ஸுஹ்ரா என் மடியில் கிடந்தாள்.

இல்யோஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "சுவரு கிடக்குது விடுங்கண்ணா, கட்டிக்கலாம். இனிமே வேற எங்கயும் போற பேச்சே கிடையாது. இது உங்க வீடு. இங்கேயே இருங்க."

ஏழு மாதமாக நான் காத்திருந்த சொல். அப்படியே, ஒரு எழுத்துக் குறையாமல் வந்தது. மவ்ஜூதா எதிரில் இருந்து என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள், சொல்லாதே என்று. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் சட்டையைத் துவைக்கிறவள் அவள்தானே, பெயிண்டுக் கறையைப் பார்த்திருப்பாள். அவளுக்கும் வயதாகிறது, அவளுக்கும் ஒரு கூரை வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் கூரை எங்களுக்கு.

பிள்ளையின் தலை என் கையில் சுட்டுக்கொண்டிருந்தது.

"எனக்கு முன்னாடியே தெரியும்டா" என்றேன்.

"என்னது?"

"சுவரு ஊறிப்போனது. பெயிண்ட் அடிச்சு மறைச்சேன். ரெண்டு தடவ."

"எப்பத்துலருந்து தெரியும்?"

"ஜனவரியிலருந்து."

இல்யோஸ் தரையைப் பார்த்தான். "அவ அங்கதானேண்ணா படுத்திருந்தா."

"ஆமா."

ஓய்தின் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.  என் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மவ்ஜூதா முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தெருவே திரண்டு வந்தது. ஒரு வீட்டுச் சுவர் விழுந்தால் எல்லோரும் கூடிக் கட்டிக்கொடுப்பது எங்கள் ஊர் முறை. கூலி கிடையாது, சாப்பாடு மட்டும். முப்பது ஆட்கள் இருக்கும். சிலர் மற்ற சுவர்களில் இருந்த என் சிமெண்டைச் சம்மட்டியால் உடைத்தார்கள். நோர்மத் என்னைப் பார்த்ததும் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் வேறு பக்கம் போனான். அவனே வாயை அடக்கினான் என்றால் விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். முற்றத்தின் நடுவே குழிவெட்டிச் சேறு குழைத்தார்கள். மவ்ஜூதாவும் ஓய்தினும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வைக்கோலை மிதித்தார்கள், ஒருவரோடு ஒருவர் பேசாமல்.

நானும் கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு போனேன். மண்சுவரைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் நான், யார் என்ன சொன்னாலும் செய்வேன் என்று நினைத்துக்கொண்டே ஒரு மண்வெட்டியை எடுத்தேன்.

இல்யோஸ் என்னிடம் வந்தான். கோபமே இல்லை அவன் முகத்தில். மண்வெட்டியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு, இன்னொரு கையை நெஞ்சில் வைத்து, எல்லோர் முன்னாலும் மரியாதையாகக் குனிந்தான்.

"நீங்க போய் உக்காருங்கண்ணா. விருந்தாளிகிட்ட வேலை வாங்கக் கூடாது."

பந்தலுக்குக் கீழே எனக்கென்று மெத்தை விரித்து, தேநீரும் வைத்திருந்தார்கள். போய் உட்கார்ந்தேன்.