பிளாட்டினம் திட்டம்

கொழுந்தன் அந்த வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்து கூடத்துச் சுவரில் மாட்டிய நாளிலிருந்து, அதற்குக் கிடைத்த மரியாதை சம்பாதித்துப் போடுகிற மருமகளுக்குக்கூட அந்த வீட்டில் கிடைத்ததில்லை. மாமியார் தினமும் அதைத் துணியால் துடைப்பாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "என் சின்னவன் கம்பெனி" என்பாள். என்னவோ அவனே முதல் போட்டு நடத்துகிற மாதிரி! அவன் அங்கே தெருத் தெருவாக அலைந்து இன்டர்நெட் இணைப்பு பிடிக்கிற ஏஜென்ட். திட்டத்துக்குப் பெயர் பிளாட்டினம். பிளாட்டினத்துக்கும் அதற்கும் இருந்த ஒரே உறவு விலைதான். மற்ற கம்பெனிகள் வாங்குவதைப் போல இரண்டு மடங்கு. அதைக் கட்டியவள் மருமகள்.

அக்கம்பக்கத்தில் அவளுக்கு டீச்சர் என்று பெயர். காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் முன்பு வேலை பார்த்தவள். இப்போது வீட்டின் பின்னறையில் கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் முன்னால் மடிக்கணினியோடு உட்கார்ந்து, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளராக இருக்கிறாள். டாக்டர் வாயால் சொல்வதை இவள் கையால் சொல்ல வேண்டும். நோயாளி கையால் சொல்வதை வாயால் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு அவள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தன் கை அங்கே தெரிய வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பிளாட்டினத்தால் முடியாத ஒரே காரியமும் அதுதான்.

நடுநடுவே அவள் படம் அங்கே உறைந்து போகும். ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வரும். வீட்டில் சொன்னால் புருஷன் சோபாவிலிருந்து தலையைக்கூடத் திருப்ப மாட்டான்.

"எனக்கு நல்லாத்தானே ஓடுது? படம் கண்ணாடி மாதிரி இருக்கு, வந்து பாரு."

கொழுந்தனிடம் சொன்னால் அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் சொல்வான். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க அண்ணி. உங்க லேப்டாப் பழசு, அதான். எங்க ஸ்பீடு இருக்கே, அது ராக்கெட்!"

கம்பெனிக்குப் போன் போட்டால், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பெண் குரல் குழையும். அவ்வளவு முக்கியமான அழைப்பை எடுக்க அவர்களுக்குக் கை நடுங்கியதோ என்னவோ, கடைசிவரை ஒருத்தரும் எடுக்க மாட்டார்கள். அரை மணி நேரம் சங்கீதம் கேட்டுவிட்டு அவளே வைத்துவிடுவாள். வீட்டில் சண்டை எதற்கு, சொந்தக்காரன் பிழைப்பு என்று பொறுத்துக்கொண்டும் போனாள். பொறுமைசாலி என்று யாராவது பட்டம் கொடுத்தார்களா? அதுவும் இல்லை.

அப்படியிருக்கையில்தான் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு ஒரு தச்சர் வந்தார். பிறவியிலேயே காது கேளாதவர். பெண்டாட்டி இல்லை, பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி. வயிற்றில் ஸ்கேன் எடுத்த முடிவைக் கேட்க வந்திருந்தார். டாக்டர் தன் கணினியைப் பார்த்துக்கொண்டே கடகடவென்று ஒப்பித்தார்: கட்டி இருக்கிறது, ஆனால் புற்றுநோய் இல்லை, அறுக்க வேண்டாம், மாத்திரையிலேயே கரைந்துவிடும். அவள் அதைக் கையால் சொல்லிவிட்டு, முடிவைச் சுருக்கமாக வாயாலும் ஒரு தரம் சொல்லி, "சரிதானே டாக்டர்?" என்று கேட்டாள். குரல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. டாக்டரும் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

தச்சருக்குப் போய்ச் சேர்ந்தது 'கட்டி' மட்டும்தான். வயிற்றின்மேல் வைத்த முஷ்டியோடு அவள் படம் அங்கே நின்றுவிட்டது.

அவளுக்கோ அவர் முகம் பளிங்கு போலத் தெரிந்தது. வாய் கோணியது தெரிந்தது. நெற்றியில் வேர்த்தது தெரிந்தது. அவர் கைகள் கேட்டதும் ஒன்றுவிடாமல் தெரிந்தது: இன்னும் எத்தனை நாள்? என் மகளை யார் பார்ப்பார்கள்? நீங்கள் ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்? இவள் இங்கே இல்லை இல்லை என்று கையை வீசினாள், எழுந்து நின்று வீசினாள். பிறகு தன்னை மறந்து கத்தினாள். குரல் தங்குதடையில்லாமல் போய்ச் சேர்ந்தது, காது கேளாதவரிடம். அடக் கொடுமையே, அந்த ஒரு வேலையை மட்டும் எவ்வளவு சுத்தமாகச் செய்தது அந்தக் கம்பெனி!

சத்தம் கேட்டு ஒரு நர்ஸ் உள்ளே வந்தாள். இவள் சொன்னதை ஒரு தாளில் எழுதி, சிரித்த முகத்தோடு தச்சரிடம் நீட்டினாள். அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அவள் படம் கடைசிவரை அசையவில்லை.

அன்று சாயங்காலம் அவள் முதல் முறையாக வேகத்தைத் தானே அளந்து பார்த்தாள். உள்ளே வருகிற வேகம் அடேயப்பா என்றிருந்தது. வெளியே போகிற வேகம் சொல்ல வெட்கக்கேடு. அந்த வீட்டில், படம் பார்ப்பவர்களுக்கெல்லாம் ராஜபாட்டை. வெளியே அனுப்ப வேண்டியவள் ஒருத்திக்கு ஊசிக்காது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பொறுப்பான அம்மாள் கூப்பிட்டாள். "தச்சர் வெள்ளிக்கிழமை மறுபடி வர்றார். அந்த வீடியோ கால்ல நானும் இருப்பேன். அன்னைக்கும் படம் நின்னா, அதோட உங்களைக் கூப்பிட மாட்டோம். தப்பா நினைச்சுக்காதீங்க, எனக்கும் வேற வழியில்ல."

அவள் கூடத்துக்கு வந்து, கம்பெனியை மாற்றப் போகிறேன் என்று சொன்னாள். அவ்வளவுதான், வீடே இரண்டுபட்டது. மாமியார் உடனே சின்னவனை வரவழைத்தாள். அவன் பளபளவென்று ஒரு விளம்பரத் தாளோடு வந்து இறங்கினான்.

"அண்ணி, ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லக்கூடாதா? உங்களுக்குன்னே டைட்டேனியம் பிளான் வந்திருக்கு. கொஞ்சம் கூட ஆகும், ஆனா டபுள் ஸ்பீடு!"

"வெளிய போற ஸ்பீடு எவ்வளவு தம்பி?"

"டபுள் அண்ணி."

"வெளிய போறது?"

அவன் தாளைத் திருப்பினான். பின்பக்கம் திருப்பினான். மறுபடி முன்பக்கம் திருப்பினான். குடும்பமே கூடிக் குதூகலிக்கும் படம் இருந்தது. அவள் கேட்டது மட்டும் எங்கும் இல்லை. ஆபீசுக்குப் போன் செய்து, இரண்டு தரம் 'ஓகோ' என்று கேட்டுக்கொண்டு, முகம் சுருங்கி வைத்தான்.

"அது... அது மாறாதாம். பழைய அளவுதானாம். ஆனா அதெல்லாம் யாரு அண்ணி பார்க்கிறாங்க?"

"நான் பார்க்கிறேன் தம்பி. மூணு வருஷமா உங்க சரக்கு என்னன்னே தெரியாம வீடு வீடா வித்திருக்கீங்களே, வெட்கமா இல்ல?"

"தம்பின்னு கூடப் பார்க்காம இப்படி வெட்டிப் பேசுறியே" என்று மாமியார் மூக்கைச் சிந்தினாள். "சொந்த வீட்டுலயே மாத்திட்டா அவன் வெளிய எப்படி முகத்தைக் காட்டுவான்?"

"விட்டுக்குடேன்" என்றான் புருஷன். "ஒரு நாள் நின்னுச்சுன்னு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

"சரிங்க. அப்ப இந்த மாசத்துலருந்து பில்லை நீங்களே கட்டுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவன் அந்த விஷயத்தில் கருத்து எதுவும் சொல்லவில்லை.

மறுநாளே வேறு கம்பெனியிலிருந்து இரண்டு ஆட்கள் வந்தார்கள். எந்த உலோகத்தின் பெயரும் இல்லாத சாதாரணத் திட்டம், பாதி விலை. அவள் ஒரே கேள்வி கேட்டாள். வருவதும் போவதும் ஒரே வேகம் என்று சொல்லி, அங்கேயே அளந்தும் காட்டினார்கள். இவ்வளவு சுலபமான காரியத்துக்கா இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை, தன் கம்பெனிப் பெட்டியைத் திரும்ப எடுத்துப்போகக் கொழுந்தன் வந்திருந்தான். முகத்தை ஒரு முழத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டு சுவரில் திருகாணியைக் கழற்றினான். ஏணியைப் பிடிக்கிற சாக்கில் மாமியார் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பின்னறைக் கதவு திறந்தே இருந்தது. திரையில் ஒரு பக்கம் பொறுப்பாளர் அம்மாள், இன்னொரு பக்கம் டாக்டரும் தச்சரும்.

"படம் தெளிவா இருக்கு, ஆரம்பிங்க" என்றாள் அம்மாள்.

டாக்டர் மாத்திரைகளைப் பற்றித் தொடங்கினார். தச்சர் கை உயர்த்தி நிறுத்தினார். அவர் சைகை செய்யச் செய்ய அவள் வாயால் சொன்னாள். இந்தத் தொழிலில் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. நோயாளியின் 'நான்' அப்படியே மொழிபெயர்ப்பாளரின் 'நான்' ஆக வேண்டும். அவள் குரல் கூடம்வரை கேட்டது.

"மாத்திரை எதுக்கு? சாகப் போறவனுக்கு மாத்திரை எதுக்கு?"

கூடத்தில் திருகாணி விழுந்த சத்தம் கேட்டது.

"நீங்க சாகப் போறதில்லையே!" டாக்டர் பதறினார். "அன்னைக்கே எழுதிக் கொடுத்தாங்களே?"

"எனக்கு எழுத்து சரியா வராது. பயப்பட வேண்டாம்னு இருந்தது புரிஞ்சுது. நர்ஸம்மா சிரிச்சாங்க. சாகப் போறவன்கிட்ட எல்லாரும் அப்படித்தானே சிரிப்பாங்க? மகளுக்கு ஆகட்டும்னு என் இழைப்பு மெஷினை நேத்து வித்துட்டேன்."

டாக்டர் மறுபடி முழுவதும் சொன்னார், இந்த முறை தச்சரின் முகத்தைப் பார்த்து. அவள் கைகள் சொல்லின: கட்டி. புற்றுநோய் இல்லை. அறுக்க வேண்டாம். கரைந்துவிடும். தச்சர் இன்னொரு தரம் கேட்டார். இன்னொரு தரம் சொன்னாள். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளிடம் நேராகவே கேட்டார். அதையும் அவள் வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அன்னைக்கு உங்க கை ஏன் நின்னுச்சு?"

"எங்க வீட்டு லைன் சரியில்லை" என்று கையால் சொல்லி, வாயாலும் சொன்னாள்.

தச்சர் தலையசைத்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு மறுபடி கை உயர்த்தினார். அவர் கேட்கக் கேட்க அவள் வாயால் சொன்னாள்.

"உங்களுக்குப் பணக் கஷ்டமா? அதனாலதான் மட்டமான லைன் வெச்சிருந்தீங்களா? மெஷின் வித்த காசு இன்னும் என்கிட்ட இருக்கு. கொஞ்சம் தரேன், நல்ல லைனா வெச்சுக்கோங்க. என்னை மாதிரி இன்னொருத்தனுக்கு நடக்கக் கூடாது."

கூடத்தில், பிளாட்டினத்தைத் துடைத்துத் துடைத்து வைத்த மாமியார் ஏணியைப் பிடித்தபடி நின்றாள்.

"வேண்டாம். புதுசா வெச்சாச்சு" என்று அவள் கையாலும் வாயாலும் சொன்னாள். "நாங்க வெச்சிருந்தது இருக்கிறதுலயே விலை கூடுன லைன்."

தச்சருக்கு அது புரியவில்லை. அவள் தப்பாகச் சொல்லிவிட்டாளோ என்று இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அவள் நிதானமாக, விரல் விரலாக மறுபடி சொன்னாள். வாயாலும் இன்னும் கொஞ்சம் உரக்கவே சொன்னாள். அதற்குள் கொழுந்தன் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.